தனித்தனி வாசற்கதவு

எங்கள் வீட்டு விளம்பரம் வெளியான செய்தி எனக்குப் பஸ்ஸில்தான் தெரிந்தது. தையலுக்கு நூலும் ஊசியும் வாங்க அடிவாரம் போய்விட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலை ஏறிக்கொண்டிருந்தேன். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கண்டக்டர் கேட்டார்.

"வாத்தியாரூட்டம்மா, நீங்க பெரிய ஊடுங்களா, சின்ன ஊடுங்களா?"

என் வீட்டுக்காரர் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் இந்த மலையில் எனக்கு அதுதான் பெயர். கேள்வியில் வம்பு இருப்பது எனக்குப் புரியவில்லை. எங்கள் வீடு ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடு. பெரியதில் நாங்கள், சின்னதில் குடித்தனக்காரர்கள். அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"நான் பெரிய ஊடு சாமி. சின்ன ஊட்டுல அக்கா இருக்காங்க. பதினெட்டு வருசமாச்சு."

பஸ் மொத்தமும் சிரித்தது. டிரைவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வளைவில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பின் சீட்டில் இருந்த ஒரு பெண் பாவப்பட்டுத் தன் போனை நீட்டினாள். மலை முழுக்க வாட்சப்பில் சுற்றிக்கொண்டிருந்த அந்த விளம்பரம் இதுதான்:

"கொல்லிமலையில், கடைவீதி அருகே, புதுப்பிக்கப்பட்ட இரட்டை வீடு விற்பனைக்கு. பெரிய வீடு ஒன்று, சின்ன வீடு ஒன்று. இரண்டு குடும்பம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். தனித்தனி வாசற்கதவு. ஒருவர் வருவதும் போவதும் மற்றவருக்குத் தெரியாது. உள்ளுக்குள்ளேயே போய்வர நடுவில் ஒரு கதவும் உண்டு. உரிமையாளர் முப்பது ஆண்டுகளாக அனுபவித்து வருகிறார்."

கீழே ஒரு போட்டோ. இரண்டு வாசலும் தெரியட்டும் என்று வீட்டுப் புரோக்கர் எடுத்தது. பெரிய வாசலில் நான் நிற்கிறேன். சின்ன வாசலில் அக்கா நிற்கிறார். நடுவில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பாக்கெட்டில் சிவப்புப் பேனாவோடு, என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். மாலை ஒன்றுதான் பாக்கி.

வீட்டுக்குப் போனதும் நூல் பையை அவர் மடியில் வீசினேன்.

"என்னங்க இது கருமாந்தரம்?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "புரோக்கர் அவசரத்துல அனுப்பிச்சுட்டான் அம்மிணி. நான் பாக்கல" என்றார். நானும் நம்பினேன். எனக்குக் கோபம் வந்துவிட்டால் மூளை அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காது.

சின்ன வீட்டு அக்காவின் கணவர் மிளகு வியாபாரி. அடிவாரத்து ஊரைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பம். மலை மிளகு வாங்கி விற்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். மனிதர் சாயங்காலம் நடுக்கதவைத் திறந்துகொண்டு வந்தார், சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டே.

"ஏனுங்க வாத்தியாரே, ஊட்ட விக்கறது சரி. எங்கூட்டுக்காரியையும் சேத்து வித்துப்போட்டீங்களே, என்னைய ஒரு வார்த்த கேக்க வேண்டாமுங்களா?"

அக்கா உள்ளிருந்து கத்தினார். "போட்டோவுல எம்மூஞ்சி கறுப்பா உழுந்திருக்குது. அத மொதல்ல கேளுங்க!"

இந்த வீட்டை ஏன் விற்கப் புறப்பட்டோம் என்று சொல்கிறேன். எல்லாம் என் வாயால் வந்தது.

போன ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. ஒழுகட்டும். ஆனால் அத்தனை பெரிய வீட்டில் வேறு இடமே இல்லாததுபோல் என் தையல் மெஷின் மேலேயே சொட்டியது. மெஷினைத் தள்ளிப் போட்டேன். சொட்டும் தள்ளி வந்தது. கல்யாண ஜாக்கெட் ஒன்று நனைந்து சாயம் இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரரோ நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளில் ஒற்றுப்பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டிருந்தார். எழுதியவருக்குப் போய்ச் சேரப்போவதில்லை என்று தெரிந்தும் தினமும் திருத்துவார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"இந்த ஓட்ட ஊட்ட வித்துப்போடுங்க! கோயமுத்தூருக்கே போயிரலாம், பையன்கிட்ட!"

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். கொடிக்கயிறு கட்டுங்கள் என்றால் கட்டமாட்டார். அடுப்புமேடையை உயர்த்துங்கள் என்றால் காதில் விழாது. அப்படிப்பட்ட மனிதர் அன்றைக்குப் பேனாவை மூடிப் பாக்கெட்டில் செருகிவிட்டு, "சரி" என்றார். மறுநாளே புரோக்கரைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு விற்க மனமில்லை. துளியும் இல்லை. இந்த மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர்; எடப்புளி நாட்டு மாப்பிள்ளைக்குக் குண்டனி நாட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்து, என் கையால் மண் சுமந்து கட்டிய வீடு. ஆனால் சொன்ன சொல்லை நான் திரும்ப வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது. ஒருமுறை கோபத்தில் "இனிமே காப்பியே குடிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மூன்று வருடம் அக்கா வீட்டில் ஒளிந்து குடித்தேன். இப்போது போய் "விற்க வேண்டாம்" என்றால் தெருவே கைகொட்டிச் சிரிக்காதா? அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. நல்ல விலைக்குப் போக வேண்டுமென்றால் வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்றார் புரோக்கர். சந்தைக்குப் போகிற மாட்டைக் குளிப்பாட்டுவதுபோல வேலை ஆரம்பித்தது. ஓட்டைக் கூரை போய்க் கான்கிரீட் வந்தது. சமையலறையில் வழுக்காத டைல்ஸ் வந்தது. வாங்குகிறவர் வீட்டுப் பெண்ணுக்கு வசதியாக இருக்குமாம், அடுப்புமேடை சரியாக என் இடுப்பு உயரத்துக்கு வந்தது. தையல் மெஷின் போடும் மூலையில் ஜன்னல் ஒன்று வெட்டினார்கள், வெளிச்சம் கொட்டியது. முற்றத்தில் கொடிக்கயிறு, துருப்பிடிக்காத கம்பியில், கட்டியே விட்டார்கள்! கட்டியது கொத்தனார் இல்லை, என் வீட்டுக்காரரே. முப்பது வருடமாக நான் கேட்ட ஒவ்வொன்றும் வந்தது, யாரோ ஒருத்திக்காக. அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. அதற்குள் அவள்மேல் அப்படி ஒரு பொறாமை வந்துவிட்டது எனக்கு.

"நடுக்கதவு என்னங்க பண்றது? செவுரு வெச்சு அடைச்சுரலாங்களா?" என்று கொத்தனார் கேட்டார். என் சமையலறைக்கும் அக்காவின் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற கதவு அது. என் பக்கத்திலிருந்து மரவள்ளிக்கிழங்கும் சாமைச் சோறும் போகும், அந்தப் பக்கத்திலிருந்து பெருநாள் பிரியாணியும் தெருவில் யார் யாரோடு பேசுவதில்லை என்கிற தகவலும் வரும். நானும் அக்காவும் ஒரே மூச்சில் "வேண்டாம்!" என்று கத்தியதில் கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"பேசாம நீங்களே இந்த ஊட்டையும் வாங்கிக்கங்களேன் அக்கா" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாங்கிப்போட்டு? அந்தப் பக்கம் நானே நின்னுட்டு, இந்தப் பக்கம் நானே நின்னு சண்ட போடறதா?" என்றார். சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விளம்பரம் வந்தபிறகு போன் ஓயவில்லை. ஒருவர் நடுக்கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டார். இன்னொருவர் எதுவும் கேட்காமல், "அய்யா நல்லா இருக்கீங்களா? ஒடம்பு தாங்குதுங்களா?" என்று மட்டும் அக்கறையாக விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். வாசலூர்பட்டிக்குப் படகுச் சவாரி போகிற டூரிஸ்ட்டுகள் எங்கள் வாசலில் புரோக்கர் மாட்டிய போர்டைப் பார்த்து வண்டியை நிறுத்தி, ரூம் வாடகை எவ்வளவு என்றார்கள். எங்கள் தெருவில் எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. டீக்கடை கேரளாக்காரர், பானிபூரி போடும் பீகார்க்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ் கன்னியாகுமரிப் பக்கம். அத்தனை பேரும் தத்தம் உச்சரிப்பில் "சின்ன வீடு" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். பானிபூரிக்காரருக்குத் தெரிந்த தமிழே அதுவரை "காரம் வேணுமா" மட்டும்தான்.

விற்காமலே போய்விடும் என்று நான் உள்ளுக்குள் குஷியாக இருந்தபோதுதான் நாமக்கல்லிலிருந்து அந்த மனிதர் வந்தார். லாரிப் பட்டறை வைத்திருப்பவர். கறுத்த மீசை, அது மையால் கறுத்த மீசை. கூட ஒரு அம்மா, அவர் வயது. அந்த அம்மா என் அடுப்புமேடையைத் தடவிப் பார்த்து, "நம்ம ஒசரத்துக்குச் சரியா இருக்குதுங்க" என்றார். என் வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் அதே மனிதர் மறுபடி வந்தார். இந்த முறை கூட வந்தது வேறு அம்மா. பத்து வயது இளையவர், சிரித்த முகம். நேராகச் சின்ன வீட்டுக்குள் போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விளம்பரத்தை அப்படியே நம்பி ஒருவன் வந்துவிட்டான்! இப்படிப்பட்டவனுக்கு வீட்டைத் தரமாட்டேன் என்று சொன்னால் எந்த நாட்டில் யார் என்னைக் குறை சொல்ல முடியும்? சொல்லும் தவறாது, வீடும் போகாது. ஆனாலும் ஊர்ஜிதப்படுத்திக்கொள்ள வேண்டும் இல்லையா?

"ஊடு ரெண்டும் யாரு யாருக்குங்க?" என்று கேட்டேன், மோர் கொடுக்கிற சாக்கில்.

"பெரியவ பெரிய ஊட்டுலீங்க, சின்னவ சின்ன ஊட்டுலீங்க" என்றார் மீசையைத் துடைத்துக்கொண்டே. "நானு அங்க ரெண்டு நாளு, இங்க ரெண்டு நாளுன்னு சாப்புட்டுக்குவேன். நடுவுல கதவு இருக்கறது ரொம்பச் சவுரியமுங்க."

நடுக்கதவுக்குப் பின்னால் பாத்திரம் விழுந்தது. அக்கா கேட்டுக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். அந்த மனிதர் போனதும் இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து அவரைக் கரித்துக் கொட்டினோம். முதலில் வந்த அந்த மூத்த அம்மாவுக்காக அக்கா அழுதேவிட்டார். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், "அந்த ஆளுக்குக் குடுத்தா நான் ஊட்டுக்குள்ள கால் வைக்கமாட்டேன்." விற்ற வீட்டுக்குள் எதற்குக் கால் வைக்கப் போகிறேன் என்று அப்போது தோன்றவில்லை. அவரும் விசித்திரமாக, "சரிதான் அம்மிணி, சரிதான்" என்று உற்சாகமாகத் தலையாட்டினார்.

அதையும் கெடுத்தது ஒரே ஒரு சொல். மூன்றாவது முறை அந்த மனிதர் இரண்டு பேரையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு வந்தார். நானும் அக்காவும் சண்டை பார்க்கத் தயாராக நின்றோம். இளையவர் காரிலிருந்து இறங்கி, மூத்தவரின் கையைப் பிடித்து இறக்கி, "பாத்து வாங்க அண்ணி" என்றார்.

அண்ணி! அந்த மனிதரின் கூடப்பிறந்த தங்கை. வீட்டுக்காரர் தவறிப்போய்த் தனியாக இருக்கிறார். அண்ணனுக்குப் பக்கத்திலேயே, ஆனால் தனி வாசலோடு, தங்கைக்கு ஒரு வீடு வேண்டும் என்று மூன்று பேரும் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். "இதுமாதிரி ஊடு எங்க தேடியும் கெடைக்கலீங்க" என்றார் அந்தத் தங்கை. இவ்வளவு நல்ல மனிதர்களை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவர்கள்மேல் அவ்வளவு கோபம் வந்தது.

விலை படிந்துவிட்டது. வைகாசியில் ஒரு புதன்கிழமை அட்வான்ஸ் கொடுக்க வந்தார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. கூடத்தில் ஒரு பக்கம் அவர்கள் மூன்று பேர், இன்னொரு பக்கம் புரோக்கர். நடுக்கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்துவைத்துக்கொண்டு அக்கா நின்றிருந்தார். முந்தின நாள் ராத்திரி முழுக்க நான் "வேண்டாம்" என்கிற ஒரு வார்த்தையைத் தொண்டைவரைக்கும் கொண்டுவந்து திரும்ப விழுங்கியிருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைத் தன் கையாலேயே எழுதினார். பத்திரம் பதிவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் இருக்கட்டும் என்று. எதையும் பத்து நிமிடத்தில் எழுதி முடிக்கிற மனிதர் ஒரு மணி நேரம் எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் நீட்டினார். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால் நானும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்துக் கூட்டி வாய்விட்டுத்தான் வாசிப்பேன். "...மேற்படி வீட்டின் தனித்தனி வாசற்கதவு இரண்டும், நடுக்கதவு ஒன்றும்..."

அந்த இடத்தில் நாக்கு நின்றுவிட்டது.

வாசற்கதவு. இந்த மலையில் எல்லோரும் "வாசக்கதவு" என்போம். படித்தவர்கள் எழுதினால் "வாசல் கதவு" என்று பிரித்து எழுதுவார்கள். இரண்டையும் ஒட்டவைத்து, நடுவில் ஒரு ற் போட்டு எழுதுகிற ஒரே ஆளுடன்தான் நான் முப்பத்திரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். புரோக்கரின் கடைப் போர்டில் "வீடு நிளம் வாங்க விற்க்க" என்று எழுதியிருந்தது. நான்கு சொல்லில் இரண்டு பிழை. நிலத்துக்கு ஏன் இந்த ள? ற் வந்தால் அதன் பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்த எழுத்து வரவே வராது, இதுகூடத் தெரியாதா என்று வகுப்பெடுத்துவிட்டு, இவரே பெயின்ட் டப்பாவோடு போய் அழித்துவிட்டு வந்தார். அந்தப் புரோக்கர் எங்கே, வாசற்கதவு எங்கே?

"ஏனுங்க" என்றேன். "வாட்சப்புல வந்துச்சே, அந்த வெளம்பரம். அத யாரு எழுதினது?"

"புரோக்கர்தான்" என்றார், கூரையைப் பார்த்து. அது இப்போது ஒழுகுவதுகூட இல்லை.

"அய்யய்யோ, எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்கம்மா!" புரோக்கர் எழுந்தேவிட்டார். "சார்தானுங்க எழுதிக் குடுத்தாரு. ஒரு புள்ளிகூட மாத்தப்படாதுன்னு சொன்னாருங்க. நான் அப்புடியே அனுப்பிச்சேனுங்க."

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் அவருக்கு எதிரில் இருப்பவர்கள் தெரியமாட்டார்கள். வெட்கப்படும்போது மட்டும் அப்படிச் செய்வார்.

"இப்புடிப் போட்டா ஒழுங்கான மனுசன் ஒருத்தனும் வரமாட்டான்னு நெனச்சேன்" என்றார்.

"அப்ப எங்களைய என்னன்னு நெனச்சீங்க?" என்று மீசைக்காரர் எழுந்தார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

"விக்க இஷ்டமில்லீன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கென்னங்க? நாலு மாசமா பஸ்ஸுல ஏறமுடியல! பானிபூரிக்காரன்கூடச் சிரிக்கறான்!"

"நீதான வித்துப்போடுங்கன்னு சொன்ன. சொன்ன சொல்ல நீ மாத்தமாட்டயே அம்மிணி" என்றார் மெதுவாக. "நீயா வேண்டாம்னு சொல்லுவயான்னு பாத்துட்டே இருந்தேன். மேடையக் கட்டுனா சொல்லுவ, ஜன்னல வெச்சா சொல்லுவ, கொடிக்கயிறு கட்டுனாலாச்சும் சொல்லுவன்னு பாத்தேன்."

இத்தனை மாதமாக நான் பொறாமைப்பட்ட அந்தப் பெண் நான்தான். அழுகை வந்தது. அழுதால் தோற்றதாகிவிடும் என்று கோபத்தையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் நடுக்கதவு படாரென்று முழுசாகத் திறந்தது. "ரெண்டு பேருக்குமே இஷ்டமில்லாமத்தான் என்னைய மூணு எடத்துல வாடகைக்கு ஊடு பாக்க வெச்சீங்களா?" என்று அக்கா உள்ளே வந்து, என்னை ஒன்றும் செய்ய முடியாமல் தட்டிலிருந்த பழத்தை எடுத்து உரித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டார்.

நான் என் வீட்டுக்காரர் பாக்கெட்டிலிருந்து சிவப்புப் பேனாவை உருவினேன். முப்பத்திரண்டு வருடத்தில் அதை நான் தொட்டதே இல்லை. அவர் ஒரு மணி நேரம் எழுதிய பக்கத்தில், மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை ஒரே கோடாக இழுத்தேன். கீழே கொட்டை எழுத்தில் எங்கள் முடிவையும் எழுதினேன். அதுதான் நான் திரும்ப வாங்கிய முதல் சொல்.

நாமக்கல்காரர் கோபித்துக்கொண்டுதான் போனார். மன்னிப்புக் கேட்டேன், அதுவும் எனக்குப் புதுசு. அவருடைய தங்கை மட்டும் அக்காவிடம் இரண்டு கிலோ மிளகு வாங்கிக்கொண்டு, "வாரேனுங்க" என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறினார். பிறகு மலையிலேயே வேறு இடத்தில் வாங்கிவிட்டார்களாம். சந்தையில் பார்த்தால் அந்த அண்ணி மட்டும் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் மேடையை நினைத்துத்தான் இருக்கும்.

அந்தத் தாள் இப்போது என் தையல் மெஷினுக்கு மேலே, புது ஜன்னல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அன்றைக்குப் பதற்றத்தில் நான் எழுதியது இது: "வீடு விற்க்க மாட்டோம்." ஒட்டி முடித்த பிறகுதான் பிழை எனக்கே தெரிந்தது. அந்த அதிகப்படி க், தலையில் புள்ளியோடு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் தினமும் காலையில் செய்தித்தாளும் சிவப்புப் பேனாவுமாக அதற்கு நேர் எதிரில்தான் உட்காருகிறார். ஊரிலுள்ள பிழையெல்லாம் திருத்துகிறார். அதை மட்டும் இன்றுவரை தொடவில்லை.